கரோல் பாக்: இடம்பெயர்ந்தோர் சமைத்த வீதிகள்

தமிழ்நாட்டிலிருந்து அலுவல் காரணமாகவோ, பிள்ளைகளின் தேர்வுக்காகவோ, ஹரித்வார், ஆக்ரா செல்லும் வழியிலோ டெல்லியில் இரண்டு மூன்று நாள் தங்க நேர்வோர் பலர் அறை எடுப்பது கரோல் பாக்கில்தான். புது டெல்லி இரயில் நிலையம் தொலைவில் இல்லை. மெட்ரோவின் நீலத் தடம் 2005 டிசம்பர் 31 முதல் வாசலுக்கே வந்துவிட்டது. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு அடக்கமான வாடகையில் விடுதிகளும் ஏராளம். ஆயினும் உணவு என்று வந்துவிட்டால் இவர்களுள் பெரும்பாலோர் ஆட்டோ பிடித்துச் சாந்தினி சௌக்குக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். தங்கியிருக்கும் தெருவின் அடுப்பை எட்டிப் பார்ப்பதில்லை.

நாம் இம்முறை அவ்வாறு செய்யவில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில், குளிர் விட்டும் விடாமலும் இருந்த இரண்டு நாட்களில், மூன்று வேளையும் கரோல் பாக்கின் எல்லைக்குள்ளேயே உண்பது என்று தீர்மானித்துக்கொண்டோம். புகழ்பெற்ற கடைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது நம் நோக்கமன்று. அத்தகைய பட்டியல்கள் கைப்பேசியில் கொட்டிக் கிடக்கின்றன. இந்த உணவெல்லாம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது, இதை நம்பி வாழ்வோரின் நிலை என்ன என்பதையும் சேர்த்து அறிய விரும்பினோம்.

‘பாக்’ என்றால் தோட்டம். இன்று அங்கே தோட்டம் எதுவும் கண்ணில் படாது. 1911ஆம் ஆண்டில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் கன்னாட் பிளேஸ் எழுப்பப்பட்டபோது அவ்விடத்தில் இருந்த மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் முதலிய சிற்றூர்களின் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்கள் மேற்கே, பாறையும் புதருமாக இருந்த கரோல் பாக் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். இன்றும் இங்குள்ள முகவரிகளில் காணப்படும் ‘டபிள்யூ.ஈ.ஏ.’ என்னும் மூன்றெழுத்து, மேற்கு விரிவாக்கப் பகுதி என்பதன் சுருக்கமே ஆகும். ஆக, இவ்வூரின் முதல் குடிகளே வீடிழந்து வந்தவர்கள்.

இரண்டாவது அலை 1947இல் வந்தது. பிரிவினையின்போது இங்கு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல வெளியேறின. மேற்குப் பஞ்சாப், சிந்து, வடமேற்கு எல்லை மாகாணம் ஆகியவற்றிலிருந்து உடுத்த துணியோடு வந்த இந்து, சீக்கியக் குடும்பங்கள் அவ்விடங்களில் தங்கின. நிலமும் கடையும் எல்லைக்கு அப்பால் போய்விட்ட நிலையில், கையோடு கொண்டுவர முடிந்தது சமைக்கத் தெரிந்த கையை மட்டுமே. பெரும் முதலீடு வேண்டாத தொழில் என்பதால், அக்குடும்பங்கள் பலவற்றின் முதல் வருமானம் தெருவோர அடுப்பிலிருந்தே வந்தது. இங்குள்ள கஃபார் மார்க்கெட், ‘எல்லை காந்தி’ கான் அப்துல் கஃபார் கானின் பெயரைத் தாங்கியது. இன்று கைப்பேசிப் பழுது பார்ப்பதற்கே அது பேர்போனது.

கடைத்தெருவின் முதுகெலும்பு அஜ்மல் கான் சாலை. ஹக்கீம் அஜ்மல் கான் புகழ்பெற்ற யுனானி மருத்துவர். 1921ஆம் ஆண்டு அகமதாபாத் காங்கிரசின் தலைவர். அவர் கரோல் பாக்கில் நிறுவிய ஆயுர்வேத, யுனானித் திப்பியாக் கல்லூரியை 1921 பிப்ரவரி 13 அன்று காந்தியடிகள் திறந்து வைத்தார். நாடி பிடித்துப் பத்தியம் விதித்த அப்பெரியவரின் பெயர் கொண்ட சாலையில்தான், நெய்யும் எண்ணெயும் சர்க்கரையும் பாகுபாடின்றி ஆறாக ஓடுகின்றன. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்காமல் நடக்க முடியவில்லை.

முதல் நாள் காலை உணவு, வேறென்ன, சோலே பட்டூரேதான். நம் ஊர் உணவகங்களில் ‘சோளாபூரி’ என்ற பெயரில் வரும் பெரிய பூரியின் மூலம் இதுவே. பெயரைக் கேட்டுவிட்டுச் சோளமாவில் செய்வது என்று நம்புவோர் இன்னும் உண்டு. உண்மையில் ‘சோலே’ என்பது வெள்ளைக் கொண்டைக்கடலை. ‘பட்டூரா’ என்பது மேற்படி பூரி. தமிழ்நாட்டில் பூரிதான் முதன்மை. கடலை தொட்டுக்கொள்ள வருவது. டெல்லியில் அது தலைகீழ். ஒரு கடையைப் பற்றிப் பேசும்போது, அங்கே கடலை எப்படி என்றுதான் முதலில் கேட்கின்றனர்.

கடலையை முந்தைய இரவே ஊறவைக்கின்றனர். வேகவைக்கும்போது தேயிலையைத் துணியில் முடிந்து உள்ளே போடுவதும், உலர்ந்த நெல்லிக்காயைச் சேர்ப்பதும் வழக்கம். அதனால் கடலை கறுத்து, ஓரளவு துவர்ப்பும் ஏறுகிறது. பின் சீரகம், பெரிய ஏலக்காய், கிராம்பு, உலர்ந்த மாதுளை விதைப்பொடி. ராவல்பிண்டியின் பெயரால் ‘பிண்டி சோலே’ எனப்படும் வகையில் குழம்பு அநேகமாக இல்லை. மசாலா கடலையின் மேலேயே ஒட்டி நிற்கிறது. ராவல்பிண்டி இன்று பாகிஸ்தானில் உள்ளது. அங்கு பிறந்து இங்கு வந்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஊர்ப்பெயர் மட்டும் தட்டில் தங்கியிருக்கிறது.

மைதாவுடன் சிறிது ரவையும் தயிரும் கலந்து புளிக்கவைத்த மாவில் பட்டூரா செய்யப்படுகிறது. சூடான எண்ணெயில் இட்டதும் கரண்டியால் மேலே எண்ணெயை வாரி ஊற்றுகிறார் கடைக்காரர்; நொடியில் பந்துபோல் உப்புகிறது. பக்கத்தில் வெங்காயம், காரட் ஊறுகாய், ஒரு பச்சை மிளகாய். நாம் உண்ட இடத்தில் நாற்காலி கிடையாது. இடுப்பளவு உயரமான கல்மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே உண்ண வேண்டும். அலுவலகம் செல்வோர், பள்ளிச் சீருடையில் இரு மாணவர், கைப்பை நிறையத் துணிமாதிரிகளுடன் ஒரு வணிகர் என்று வரிசை கலைந்து கலைந்து சேர்ந்தது. இரண்டு பட்டூரா உண்டவருக்கு மாலை நான்கு மணி வரை பசி எடுக்காது. மதிய உணவுக்கு விடுப்பு எடுக்க முடியாத உழைப்பாளிக்கு ஏற்ற உணவு இது. குளிரூட்டிய பேருந்தில் ஊர் சுற்றப் போகிறவருக்கு ஒரே பட்டூரா போதும் என்பது நம் கருத்து.

பஹாட்கஞ்ச் அருகிலேயே உள்ளது. அங்குள்ள ‘சீதாராம் திவான்சந்த்’ கடையின் பனீர் பூரணம் வைத்த பட்டூரே நகரெங்கும் பேர் பெற்றது. எல்லையைத் தாண்டுவதில்லை என்ற உறுதியினால் நாம் போகவில்லை. வாசகர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

மாலைநேரமே அஜ்மல் கான் சாலைக்குரிய பொழுது. 2019ஆம் ஆண்டில் இச்சாலையின் ஒரு பகுதி வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்போருக்கென ஒதுக்கப்பட்டது. குடும்பத்தோடு நின்று உண்ண அது வசதியாயிற்று. ‘சாட்’ என்ற சொல்லுக்கு நக்கிச் சுவைத்தல் என்று பொருள் கூறுவர். உருளைக்கிழங்கு டிக்கியைப் பெரிய தட்டையான இரும்புக் கல்லின் ஓரத்தில் அடுக்கி, நடுவில் எண்ணெய் தேங்க வைத்து, ஒவ்வொன்றாக நடுவுக்குத் தள்ளி முறுகவிடுகிறார் வண்டிக்காரர். அதை உடைத்து, தயிர், புளி இனிப்புச் சட்டினி, புதினாச் சட்டினி, சீரகப்பொடி, கறுப்பு உப்பு ஆகியவற்றை எண்ணிப் பத்து நொடிக்குள் மேலே தூவிக் கொடுத்துவிடுகிறார். கையில் வாங்கிய இலைக்கிண்ணத்துக்கு அங்கே ‘தோனா’ என்று பெயர். நம் கோயில் பொங்கல் வாங்கும் தொன்னையேதான்.

கோல்கப்பேயை நாம் பானிபூரி என்று அறிவோம். ரவையில் செய்தது, கோதுமை மாவில் செய்தது என்று இரண்டு வகை வைத்திருக்கின்றனர். எது வேண்டும் என்று கேட்ட பின்னரே தருகின்றனர். புதினாவும் பெருங்காயமும் கறுப்பு உப்பும் கலந்த நீர் மூக்கில் ஏறும்போது, பக்கத்தில் நிற்பவர் யாராயினும் நம்மைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார். குளிர்காலத்துக்கே உரிய மற்றொன்று, கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தோலுரித்து வெட்டி, எலுமிச்சை பிழிந்து, தமரத்தங்காய்த் துண்டுகளோடு கலந்து தருகின்றனர். இரண்டு நாட்களில் உண்டவற்றுள் வயிற்றுக்கு இதமாக இருந்தது இதுவே.

‘ராம் லட்டு’வைப் பற்றி ஒரு சொல். பெயரைக் கேட்டு இனிப்பு என்று எண்ண வேண்டாம். பாசிப்பருப்பையும் கடலைப்பருப்பையும் அரைத்துப் பொரித்த சிறு உருண்டைகள். மேலே துருவிய முள்ளங்கியும் பச்சைச் சட்டினியும். நம் பருப்பு வடைக்குத் தம்பி முறை. தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் கண்ணைக் கட்டிக் கொடுத்தால் ஊர்ப் பண்டம் என்றே சொல்லுவார், முள்ளங்கி பல்லில் படும் வரை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தெருவுணவை முதன்முறை உண்போர், கண்ணெதிரே பொரித்தும் சுட்டும் தருவனவற்றையே முதல் நாள் உண்பது நன்று. கோல்கப்பே நீருக்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார் என்று வண்டிக்காரரைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல வண்டிக்காரர் புட்டியைக் காட்டுவார். கூட்டம் மொய்க்கும் வண்டியில் பண்டம் தேங்குவதில்லை என்பதும் ஒரு பாதுகாப்பே.

ஒவ்வொரு வண்டியிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்து சேர்ந்ததும் சிறு ஒலிபெருக்கி தொகையை இந்தியில் அறிவிக்கிறது. வண்டிக்காரர் தலை நிமிர்வதில்லை. காது மட்டும் அங்கே இருக்கிறது. 2016இல் தொடங்கிய யுபிஐ முறை, கையில் மாவும் எண்ணெயுமாக நிற்பவருக்குச் சில்லறை எண்ணும் வேலையை மிச்சப்படுத்தியுள்ளது. இதழின் வழக்கப்படி வாடிக்கையாளர்களுக்கு ஒரு நினைவூட்டல்: ஸ்கேன் செய்தபின் திரையில் தோன்றும் பெயரைச் சரிபார்த்துவிட்டே தொகையை அனுப்புக. பணத்தைப் பெறுவதற்கு இரகசியக் குறியீட்டு எண்ணை இட வேண்டியதே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த ஒலிபெருக்கிக்குப் பின்னால் பெரியதொரு மாற்றம் உள்ளது. தெரு வணிகரின் முதல் அன்றாடம் புரள்வது. காலையில் உருளைக்கிழங்கும் எண்ணெயும் வாங்கிய பணம் இரவில் கைக்குத் திரும்ப வேண்டும். மழை பெய்தாலும் காவலர் வண்டியை அகற்றச் சொன்னாலும் அது திரும்பாது. அடுத்த நாள் முதலுக்கு வட்டிக்காரரிடம் போக வேண்டும். நம் ஊர்த் தண்டல் வட்டியை அறிந்தவர்களுக்கு அதன் சுமையை விளக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் அந்த முதலும் கரைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தின்கீழ், ஈடு ஏதும் இன்றி முதலில் 10,000 ரூபாயும், அதைத் திருப்பிச் செலுத்தியோருக்கு 20,000 ரூபாயும், அதன் பின் 50,000 ரூபாயும் கடனாக வழங்கப்பட்டது. தவணை தவறாதோருக்கு 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. 2025 ஆகஸ்டில் திட்டம் திருத்தப்பட்டு, முதல் இரு தவணைகள் 15,000, 25,000 ரூபாய்களாக உயர்த்தப்பட்டன. காலமும் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

தொகை சிறிது என்று தோன்றலாம். ஆனால் ஒரு புதிய எரிவாயு அடுப்பும், துருப்பிடிக்காத எஃகு மேடையும், ஒரு வாரத்துக்கான எண்ணெயும் அதற்குள் அடங்கும். வங்கிக்கணக்கில் பதிவாகும் ஒவ்வொரு சிறு வரவும், நாளை அவர் பெரிய கடன் கேட்கும்போது சான்றாக நிற்கிறது.

எனினும், கடனால் மட்டும் தீராத கேள்வி ஒன்று உள்ளது: நிற்பதற்கு இடம். 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்றும், அதன் உறுப்பினரில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வணிகர்களாகவே இருக்க வேண்டும் என்றும், கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் கூறுகிறது. கரோல் பாக் போன்ற நெரிசலான கடைத்தெருவில், வாடகையும் வரியும் செலுத்தும் கடைக்காரருக்கும் வாசலில் வண்டி நிறுத்துபவருக்கும் இடையே உரசல் இயல்பானதே. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாம் நின்ற ஓர் இடத்தில், தூரத்தில் ஒரு விசில் கேட்டதும் நான்கு வண்டிகள் அடுப்பை அணைக்காமலேயே பக்கச் சந்துக்குள் மறைந்தன. சிறிது நேரத்தில் அதே வரிசையில், அதே இடத்தில் வந்து நின்றன. தட்டைக் கையில் ஏந்தியவர்கள் சந்துக்குள் பின்தொடர்ந்து சென்று மீதியைத் தின்றார்கள். அவர்களுக்கு இது பழக்கம் போலும். பல தலைமுறையாகச் சுவை மாறாத கடை என்று நாம் புகழும் எதுவும் ஒரு காலத்தில் இப்படி ஓடி ஒளிந்த வண்டியாக இருந்திருக்கக் கூடும்.

இரவு உணவுக்குத் தந்தூர். பஞ்சாபில் தெருவுக்குப் பொதுவான அடுப்பு ஒன்றில் பெண்கள் மாவைக் கொண்டுவந்து ரொட்டி சுட்டுச் செல்லும் வழக்கம் இருந்தது. ‘சாஞ்ஜா சூல்ஹா’ என்பர். நகரத்தில் அது உணவகத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. ரொட்டியோடு வந்த ‘தால் மக்கனி’ நம்மைச் சற்று யோசிக்க வைத்தது. அதே கறுப்பு உளுந்துதான். நாம் தோலை நீக்கி, அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்து இட்டிலியாக்குகிறோம். அவர்கள் தோலோடு மணிக்கணக்கில் சிறுதீயில் வைத்து வெண்ணெய் சேர்க்கின்றனர். ஒரு பருப்புக்கு இத்தனை வேறுபட்ட வாழ்வு!

இனி, நம்மவர் கதை. தலைநகர் மாறியதும் அரசு அலுவலகங்களோடு வடக்கே வந்த தமிழ் எழுத்தர்களும் கணக்கர்களும் டெல்லியில் வேரூன்றினர். அவர்கள் பிள்ளைகளுக்காக 1923இல் ‘மதராஸி கல்விக் கழகம்’ என்னும் பெயரில் தோன்றிய அமைப்பே பின்னாளில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. அதன் பள்ளிகளுள் ஒன்று கரோல் பாக்கை ஒட்டிய பூசா சாலையில் இயங்குகிறது. நாடு விடுதலை பெற்ற பிந்தைய ஆண்டுகளில் கரோல் பாக்கே டெல்லித் தமிழரின் நடுவிடமாக இருந்தது. பஞ்சாபி வீட்டுக்காரரின் மாடியறையில் இரண்டு மூன்று தமிழ் இளைஞர் சேர்ந்து தங்குவதும், மாதப் பணம் கட்டி மெஸ்ஸில் உண்பதும் அக்காலத்து வாழ்க்கை. 1965இல் ‘கணையாழி’ இதழ் டெல்லியிலிருந்து வெளிவரத் தொடங்கியதும், ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் இந்நகரின் தமிழரை நாவல்களில் எழுதியதும் இச்சூழலில்தான்.

பின்னர் அக்குடும்பங்கள் ஆர்.கே.புரம், ஜனக்புரி, மயூர் விஹார், துவாரகா என்று சிதறின. இரண்டாம் நாள் காலை தமிழ் மணத்தைத் தேடி அலைந்தபோது, முறுக்கும் அப்பளமும் காப்பித்தூளும் விற்கும் ஒரு சிறு கடையையும், ‘சவுத் இந்தியன்’ என்று பலகை மாட்டிய உணவகங்கள் சிலவற்றையும் கண்டோம். ஓரிடத்தில் அமர்ந்து தோசை கேட்டோம். சாம்பார் இனித்தது; தேங்காய்ச் சட்டினியில் வேர்க்கடலையின் பங்கு அதிகம். குறை கூறுவதற்கில்லை. நம் சோளாபூரிக்குப் பஞ்சாபியர் என்ன முகம் காட்டுவரோ, அதே முகத்தை நாமும் காட்டிவிட்டு, இன்னொரு கிண்ணம் சாம்பார் வாங்கிக்கொண்டோம்.

ஆனால் மெஸ் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அடுத்துள்ள பழைய ராஜேந்தர் நகர், குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையங்களால் நிறைந்தது. தமிழ்நாட்டு இளைஞர் பலர் அங்கும் கரோல் பாக்கிலும் கட்டில் அளவே உள்ள அறைகளில் தங்கிப் படிக்கின்றனர். அவர்களுக்காக, பலகைகூட இல்லாத சிறு சமையலறைகள் வீட்டு மாடிகளில் இயங்குகின்றன. அத்தகைய ஒன்றில் மதியம் உண்டோம். சாதம், வத்தக்குழம்பு, பீன்ஸ் பொரியல், ரசம், மோர். சுவரில் ஒரு தேர்வுக்கால அட்டவணை. எதிரே அமர்ந்திருந்த மாணவி ஒரு கையால் உண்டபடி மறுகையால் அரசியலமைப்புக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அவர் தந்தை தம் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துப் பேசாமல் மகளின் தட்டில் வைத்தார். கரோல் பாக்கின் மூன்றாவது அலை இது என்று சொல்லத் தோன்றியது. இவர்கள் தங்க வந்தவர்கள் அல்லர். ஆயினும் பசி பொதுவானது.

புறப்படும் மாலையில் குளிர்க்காற்று மீண்டும் வீசியது. இருந்தும் அஜ்மல் கான் சாலையில் உள்ள ‘ரோஷன் தி குல்ஃபி’யில் கூட்டம் குறையவில்லை. குல்ஃபி, ஐஸ்கிரீம்போலக் காற்றை அடித்துச் சேர்த்துச் செய்வதன்று. பாலைச் சுண்டக் காய்ச்சி அப்படியே உறைய வைப்பதால் கனமாக இருக்கிறது, எளிதில் உருகுவதில்லை. பனிக்கட்டியில் உப்பைக் கலந்து அதன் குளிர்ச்சியைக் கூட்டி, அதற்குள் அச்சுகளைப் புதைத்து உறைய வைப்பது பழைய முறை. துண்டுகளின்மேல் மாவுச்சத்தில் பிழிந்த ஃபலூடா நூல்களைப் போர்த்தித் தருகின்றனர். மதுரை ஜிகர்தண்டாவில் பழகிய நாவுக்கு அந்நியமாகத் தோன்றாது.

செல்ல எண்ணுவோர்க்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை கரோல் பாக் கடைகளுக்கு விடுமுறை. துணியும் நகையும் வாங்க எண்ணுவோர் அந்நாளைத் தவிர்க்கவும். நகைக்கடைகள் வரிசையாக உள்ள தெருவின் பெயர் ‘பேங்க் ஸ்ட்ரீட்’ என்பதைக் கண்டு நாம் சற்றே பெருமிதம் கொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மெட்ரோவில் ஜண்டேவாலான் பக்கமிருந்து வருவோர், 108 அடி அனுமன் சிலை கண்ணில் பட்டதும் இறங்கத் தயாராகலாம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி, ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொண்டு மெல்ல நடந்தால், இரவு ஒன்பதுக்குள் ஏழெட்டுப் பண்டங்களை ருசித்துவிடலாம். சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் பணமும் கையில் இருக்கட்டும். கைப்பேசிக் கோபுரங்கள் அந்நேரத்துக் கூட்டத்தில் சில சமயம் திணறுகின்றன.